பழைய பெயரின் பொறுப்பு: பெயர் மாறிய திறமூல மென்பொருள்களும் வணிகக்குறிச் சட்டமும்

2010 செப்டம்பர் 28 அன்று, ஓப்பன்ஆஃபிஸ்.ஆர்க் என்ற திறமூல அலுவலக மென்பொருள் திட்டத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்த பங்களிப்பாளர்கள் பலர் ஒன்றுகூடி ‘தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பை அறிவித்தார்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸை ஆரக்கிள் வாங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. புதிய முதலாளியின் கீழ் திட்டம் என்ன ஆகுமோ என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. மென்பொருளுக்கு ‘லிப்ரேஆஃபிஸ்’ என்று அன்று வைத்த பெயர் ஒரு தற்காலிக ஏற்பாடுதான். பழைய பெயரைப் புதிய அமைப்புக்கே தந்துவிடும்படி ஆரக்கிளைக் கேட்டிருந்தார்கள். ஆரக்கிள் தரவில்லை. 2011 ஜூனில் பெயரையும் நிரலையும் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. பெரும்பாலான ஆட்கள் ஒரு பக்கமும் பெயர் மறுபக்கமுமாகப் பிரிந்தது இப்படித்தான்.

அடுத்து நடந்ததைப் பதிப்பு எண்களே காட்டுகின்றன. அப்பாச்சி ஓப்பன்ஆஃபிஸ் 4.1 வெளிவந்தது 2014 ஏப்ரலில். அதன்பின் வந்தவை 4.1 என்ற வரிசைக்குள்ளேயே அடங்கும் திருத்தப் பதிப்புகள். லிப்ரேஆஃபிஸ் ஆண்டுக்கு இரண்டு பெரும்பதிப்புகள் என்று நடந்துகொண்டிருந்தது. 2016இல் ஓப்பன்ஆஃபிஸின் காட்சியளிப்புக் கோப்புகள் வழியாகத் தாக்கக்கூடிய ஒரு பாதுகாப்புக் குறை வெளியானது. அப்போது புதிய பதிப்பு எதுவும் தயாராக இல்லை. பயனர்கள் ஒட்டுக்கோப்பு ஒன்றை இறக்கித் தாங்களே பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 4.1.3 வர அக்டோபர் ஆயிற்று. இடையில், செப்டம்பரில், திட்டத்தை மூடுவதாக இருந்தால் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்ற விவாதத்தைத் திட்டக் குழுவின் தலைவரே பொதுவெளியில் தொடங்கினார். 2020 அக்டோபர் 12 அன்று டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் ஒரு திறந்த மடல் எழுதியது. லிப்ரேஆஃபிஸ் என ஒன்று இருப்பதையாவது உங்கள் பயனர்களுக்குச் சொல்லுங்கள் என்பதே அதன் வேண்டுகோள். அதே மாதத்தில் அப்பாச்சி ஓப்பன்ஆஃபிஸின் மொத்தப் பதிவிறக்கம் 30 கோடியைத் தாண்டியதாக அறிவிப்பு வந்தது.

இந்த 30 கோடியில் எத்தனை பேர் பெயரை மட்டும் நம்பி வந்தவர்கள் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் நிரல் எழுதும் கைகள் பெரும்பாலும் இடம் மாறிப் பல ஆண்டுகள் கழிந்தும் மக்கள் பழைய பெயரைத் தேடி வந்துகொண்டே இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வலுவான சான்று திறமூல வரலாற்றில் இல்லை. பெயர் மாற்றிக்கொள்ளும் ஒவ்வொரு திட்டமும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இதிலிருந்துதான் பிறக்கிறது. பழைய பெயருக்கான வணிகக்குறிப் பதிவைத் தொடர்ந்து வைத்திருக்கலாமா? வைத்திருக்கலாம் என்றால் எதைச் செய்து, எதுவரை?

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய குறியைக் காப்பது திட்டத்தின் சொத்துரிமை என்பதைவிடப் பயனருக்கு அது செலுத்தவேண்டிய கடமை. ஆனால் அந்தக் கடமைக்கு ஓர் எல்லை உண்டு. பழைய பெயரில் பயனருக்கு உண்மையான வேலை நடக்கும்வரைதான் அதைக் கையில் வைத்திருக்க நியாயம் இருக்கிறது. பிறர் எடுத்துவிடக்கூடாது என்பதற்காக மட்டும் பூட்டிவைப்பதைச் சட்டமும் ஏற்பதில்லை, திறமூல மரபும் ஏற்கக்கூடாது.

உரிமம் தராத ஒரே பொருள்

திறமூல உரிமங்கள் நிரலைப் படிக்க, மாற்ற, பகிர, விற்க எல்லோருக்கும் அனுமதி தருகின்றன. பெயரை மட்டும் தருவதில்லை. 2004இல் வந்த அப்பாச்சி 2.0 உரிமத்தின் 6ஆம் பிரிவு, மென்பொருள் எங்கிருந்து வந்தது என்று வழக்கமாகக் குறிப்பிடுவதற்கு அப்பால், பெயரையோ வணிகக்குறியையோ பயன்படுத்தும் உரிமை எதையும் வழங்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. 2007இன் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பும், வணிகக்குறி உரிமையை மறுக்கும் நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ள 7ஆம் பிரிவில் இடம் தருகிறது. இதன் பொருள் தெளிவு. நிரல் எல்லோருக்கும் பொது என்றான பிறகு, ஒருவர் மற்றவரைத் தடுக்கக் கையில் மிஞ்சும் ஒரே கருவி பெயர்தான்.

இது எவ்வளவு கூர்மையான கருவி என்பதை லினக்ஸ் வழங்கலான டெபியன் அனுபவித்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் சின்னப்படம் கட்டற்ற உரிமத்தில் இல்லை என்பதால் டெபியன் அதை நீக்கி உலாவியை வழங்கிவந்தது. எங்கள் சின்னம் இல்லாமலும், நீங்கள் செய்யும் மாற்றங்களுக்கு எங்கள் ஒப்புதல் இல்லாமலும் எங்கள் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்றது மொசில்லா. 2006 முதல் 2016 வரை அதே உலாவி டெபியனில் ‘ஐஸ்வீசல்’ என்ற பெயரில்தான் ஓடியது. பத்தாண்டுக்குப் பின் இரு தரப்பும் சமாதானமாகிப் பழைய பெயர் திரும்பியபோது டெபியன் செய்த ஒரு சின்ன வேலையைக் கவனிக்க வேண்டும். ‘ஐஸ்வீசல்’ என்ற பொதியை அது உடனே நீக்கிவிடவில்லை. தனக்குள் நிரல் எதுவும் இல்லாத, ஃபயர்ஃபாக்ஸை இழுத்து நிறுவுவது ஒன்றையே வேலையாகக் கொண்ட இடைக்காலப் பொதியாக அதை அடுத்த வெளியீட்டிலும் வைத்திருந்தது. பழைய பெயரை நம்பிக் கணினியைப் புதுப்பித்த எவரும் பாதுகாப்பற்ற பழைய உலாவியோடு நின்றுவிடவில்லை. பழைய பெயர் செய்யவேண்டிய பணி இன்னதென்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது.

பெயரின் நற்பெயரை உருவாக்கியவர்கள் யார் என்பதும் இங்கே முக்கியம். ஒரு சோப்பு நிறுவனத்தின் குறிக்குப் பின்னால் அதன் முதலீடும் விளம்பரமும் இருக்கின்றன. திறமூலத் திட்டத்தின் பெயருக்குப் பின்னால் வழுக்களைக் கண்டுபிடித்து எழுதியவர்கள், பொதி கட்டியவர்கள், ஆவணம் எழுதியவர்கள், இடைமுகத்தை மொழிபெயர்த்தவர்கள் இருக்கிறார்கள். ஓப்பன்ஆஃபிஸைத் தமிழாக்கிய தன்னார்வலர்களின் இரவு உழைப்பும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. பதிவேட்டில் உரிமையாளர் என்று யார் பெயர் இருந்தாலும் அவர் பிறர் சேர்த்த நற்பெயருக்குப் பொறுப்பாளர் மட்டுமே.

ஹம்பிள், மினிமேக்ஸ், ஸ்பார்ட்டன்

பெயர் மாற்றிய பிறகும் பழைய குறியைப் பிடித்துவைக்க முயன்றவர்களைப் பற்றிய முக்கியத் தீர்ப்புகள் மென்பொருள் உலகுக்கு வெளியே இருந்தே வந்தன. அவற்றுள் முதலில் படிக்க வேண்டியது எக்ஸான் வழக்கு. 1972இல் அமெரிக்க எண்ணெய் நிறுவனம் ஒன்று தன் பல பெயர்களைக் கைவிட்டு எக்ஸான் என்ற ஒரே பெயருக்கு மாறியது. டெக்சாஸில் நன்கு அறிமுகமான ‘ஹம்பிள்’ அப்படிக் கைவிட்ட பெயர்களுள் ஒன்று. ஆனால் அதை யாரும் எடுத்துவிடக்கூடாது என்று ஒரு பாதுகாப்புத் திட்டம் வகுத்தார்கள். தேர்ந்தெடுத்த சில வாடிக்கையாளர்களுக்கு ஹம்பிள் என்ற பெயரில் விற்பனைப் பட்டியல் அனுப்புவதும், கொஞ்சம் சரக்கில் அந்தப் பெயரைப் பொறிப்பதுமே திட்டம். 1974இல் ஹம்பிள் எக்ஸ்ப்ளொரேஷன் என்ற வேறொரு நிறுவனம் தோன்றவும் வழக்கு எழுந்தது. ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983இல் எக்ஸானின் திட்டத்தை ஏற்கவில்லை. குறியைக் காப்பதற்காகவே செய்யும் பெயரளவு விற்பனை சட்டம் கேட்கும் பயன்பாடு ஆகாது என்றது. அதோடு மிக நுட்பமான ஒரு வேறுபாட்டையும் வகுத்தது. ‘குறியைக் கைவிடும் எண்ணம் எனக்கு இல்லை’ என்று ஒருவர் சொல்வது வேறு, ‘அதை மீண்டும் பயன்படுத்தும் எண்ணம் எனக்கு இருக்கிறது’ என்று காட்டுவது வேறு. சட்டம் கேட்பது இரண்டாவதை.

அமெரிக்கச் சட்டத்தில் இன்று தொடர்ந்து மூன்றாண்டுகள் பயன்படுத்தாவிட்டால் குறி கைவிடப்பட்டதாகவே முதல் நோக்கில் கொள்ளப்படும். 1996க்கு முன் அது இரண்டாண்டாக இருந்தது. பதிவு செய்த 5ஆம் ஆண்டுக்கும் 6ஆம் ஆண்டுக்கும் இடையிலும், பிறகு ஒவ்வொரு பத்தாண்டு முடிவிலும், குறி பயன்பாட்டில் இருக்கிறது என்று உறுதிமொழி தர வேண்டும், மாதிரியும் காட்ட வேண்டும். பதிவிறக்க மென்பொருளுக்கு அந்த மாதிரி பெரும்பாலும் ஒரு திரைப்பிடிப்புதான். பதிவிறக்கப் பொத்தானுக்கு அருகில் குறி தெரிய வேண்டும். பக்கத்தின் முகவரியும் அதைப் பார்த்த தேதியும் உடன் இருக்க வேண்டும். பெயர் மாறிய திட்டத்தின் தன்னார்வலர் ஒருவர் பழைய பெயருக்காக இந்த உறுதிமொழியில் கையெழுத்திட உட்காரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். பதிவிறக்கப் பக்கத்தில் புதிய பெயர் பெரிதாக நிற்கிறது. ‘முன்பு இன்ன பெயரால் அறியப்பட்டது’ என்று ஒரே ஒரு வரி சிறிய எழுத்தில் இருக்கிறது. அந்த ஒரு வரி, குறியின் பயன்பாடா, வரலாற்றுக் குறிப்பா? வரலாற்றுக் குறிப்பு என்றே நான் சொல்வேன். அந்த வரி மென்பொருளின் மூலத்தைக் காட்டும் பெயராக நிற்கவில்லை. மூலத்தைக் காட்டும் பெயர் மாறிவிட்டது என்பதைத்தான் அது சொல்கிறது. போஸ் நிறுவன வழக்கில் 2009இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஏமாற்றும் நோக்கம் இல்லாதவரை தவறான உறுதிமொழி மோசடியாகாது என்று கூறியது உண்மைதான். ஆனால் அது தவறிழைத்தவரைக் காப்பாற்றும் தீர்ப்பு. தெரிந்தே அந்த இடத்தில் போய் நிற்கலாம் என்பதற்கு அனுமதி அல்ல.

ஹம்பிளில் மூடிய வழி மினிமேக்ஸில் திறக்கிறது. நெதர்லாந்தில் தீயணைப்புக் கருவிகளை ‘மினிமேக்ஸ்’ என்ற குறியில் விற்ற ஆன்சுல் நிறுவனத்தின் விற்பனை ஒப்புதல் 1988இல் காலாவதியானது. அதன்பின் புதிய கருவிகளை அந்தக் குறியில் அது விற்கவில்லை. ஆனால் ஏற்கெனவே விற்ற கருவிகளுக்கு உதிரிபாகமும் அணைப்புப் பொருளும் தந்தது. அவற்றைச் சோதித்தது, பழுதுபார்த்தது. அந்தப் பணிக்கான பட்டியல்களிலும் கருவிமேல் ஒட்டும் சீட்டுகளிலும் மினிமேக்ஸ் என்றே இருந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2003 மார்ச் 11 அன்று வழங்கிய தீர்ப்பின் சாரம் இது: குறியின் உரிமையைக் காப்பது ஒன்றையே நோக்கமாகக் கொண்ட பெயரளவுப் பயன்பாடு செல்லாது. ஆனால் முன்பு விற்ற பொருளோடு நேரடித் தொடர்புள்ள, அதை வைத்திருப்பவர்களின் தேவைக்காகவே நடக்கும் உதிரிபாக விற்பனையும் பின்சேவையும் உண்மைப் பயன்பாடு ஆகலாம். 2020இல் ஃபெராரியின் ‘டெஸ்டரோசா’ வழக்கிலும் அதே நீதிமன்றம் இந்த வழியையே பின்பற்றியது. அந்தக் கார்களின் உற்பத்தி நின்று நெடுங்காலம் ஆகியிருந்தது.

பெயர் மாறிய திறமூலத் திட்டங்களுக்கு மினிமேக்ஸ்தான் சரியான முன்மாதிரி என்பது என் வாதத்தின் மையம். மென்பொருளில் உதிரிபாகம் என்பது பாதுகாப்புத் திருத்தம். பழைய பெயரில் வெளிவந்த கடைசிப் பதிப்பு நிறுவனங்களிலும் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குத் திருத்தங்களைப் பழைய பெயரிலேயே, பழைய பதிப்பெண் வரிசையிலேயே வெளியிட்டால், அது ஹம்பிளின் சடங்குப் பட்டியல் அல்ல, மினிமேக்ஸின் பராமரிப்புச் சீட்டு. பயன்பாட்டு மாதிரியாகக் காட்டும் திரைப்பிடிப்பில் பழைய பெயர் பதிவிறக்கப் பொத்தானுக்கு அருகிலேயே நேர்மையாக இருக்கும். கையெழுத்திடுபவரின் மனமும் உறுத்தாது.

பணம் வாங்காமல் தருவது பயன்பாடு ஆகுமா என்ற ஐயத்துக்கும் விடை இருக்கிறது. ‘கூல்மெயில்’ என்ற மின்னஞ்சல் மென்பொருளை அதன் ஆசிரியர் 1994இல் ஜிபிஎல் உரிமத்தில் இலவசமாக இணையத்தில் வெளியிட்டார். பின்னாளில் அதே பெயரில் வேறொருவர் மின்னஞ்சல் சேவை தொடங்கியபோது பிளானட்டரி மோஷன் வழக்கு வந்தது. இலவச விநியோகமும் வணிகப் பயன்பாடுதான், அதனால் குறியுரிமை பிறக்கும் என்று பதினோராம் வட்ட நீதிமன்றம் 2001இல் தீர்த்தது. லாப நோக்கமற்ற சங்கங்களின் பயன்பாடும் உண்மைப் பயன்பாடே என்று 2008இல் ராடெட்ஸ்கி வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. எனவே எங்களிடம் விற்பனை இல்லையே என்று திட்டங்கள் தயங்கத் தேவையில்லை.

இந்தியாவின் நிலை வேறு. 1999ஆம் ஆண்டு வணிகக்குறிகள் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, பதிவுக்குப் பின் ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ தொடர்ந்து பயன்படுத்தாத குறியை, பாதிக்கப்பட்டவர் மனுச் செய்து நீக்கவைக்கலாம். ஆனால் பத்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கும்போது பயன்பாட்டுக்குச் சான்று காட்ட வேண்டியதில்லை. கட்டணம் கட்டினால் போதும். செத்துப்போன பெயர்கள் நம் பதிவேட்டில் உயிருள்ளவைபோல நிற்க இதுவே காரணம். யாராவது செலவு செய்து எதிர்த்தால்தான் அவை விலகும். சட்டம் கேட்காததால் எதையும் காட்ட வேண்டாம் என்று திறமூலத் திட்டங்கள் இங்கே இருந்துவிடலாம். இருக்கக்கூடாது என்பதே என் கருத்து. சட்டத்தின் கண்காணிப்பு குறையும் இடத்தில் திட்டத்தின் சொந்த நேர்மை கூட வேண்டும்.

47ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, வணிகத்தின் தனிச்சூழ்நிலையால் பயன்பாடு நின்றிருந்தால் மன்னிக்கிறது. பழைய 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழுந்த ‘ஸ்பார்ட்டன்’ வழக்கு இதை நன்றாக விளக்குகிறது. ஹார்டி டிரேடிங் என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கும் சென்னையின் அடிசன்ஸ் பெயின்ட் நிறுவனத்துக்கும் இடையே சென்னை உயர்நீதிமன்றம் வழியாகச் சென்ற அந்த வழக்கில், இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் குறியைப் பயன்படுத்த முடியாமல் போனதை உச்ச நீதிமன்றம் 2003இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது வெளியிலிருந்து வந்த தடை. பெயரைத் தானே மாற்றிக்கொண்ட திட்டம் இந்தச் சலுகையைக் கேட்க முடியாது. பயன்படுத்தக்கூடாது என்ற எண்ணத்தால் நின்ற பயன்பாட்டுக்கு விலக்கு இல்லை என்று அந்த உட்பிரிவே சொல்கிறது. பெயர் மாற்றம் என்பது அப்படியொரு எண்ணத்தை ஊரறிய அறிவிப்பதுதானே?

நிரலுக்குள் தங்கும் பெயர்

பழைய பெயர் பதிவிறக்கப் பக்கத்தில் மட்டும் இருப்பதில்லை, நிரலின் எலும்புக்குள்ளும் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகத் தொடங்கிய ‘எக்ஸ்பிஎம்சி’ மென்பொருள், தன் பெயர்மேல் தனக்குச் சட்டப்பூர்வக் கட்டுப்பாடு இருந்ததே இல்லை என்ற காரணத்தையும் சொல்லி 2014 ஆகஸ்டில் ‘கோடி’ எனப் பெயர் மாற்றத்தை அறிவித்தது. புதிய பெயரில் முதல் பதிப்பு அந்த டிசம்பரிலேயே வந்தது. ஆனால் இன்றும் ஆண்ட்ராய்டு கைபேசியில் அந்தச் செயலியின் உள் அடையாளம் ‘ஆர்க்.எக்ஸ்பிஎம்சி.கோடி’தான். பைதானில் கூடுதல் செருகுநிரல் எழுதுபவர் முதல் வரியில் அழைப்பது ‘எக்ஸ்பிஎம்சி’ கூறைத்தான். திட்டத்தை நடத்தும் அமைப்பின் பெயரும் எக்ஸ்பிஎம்சி ஃபவுண்டேஷனே. லிப்ரேஆஃபிஸிலும் இதே கதை. அதை முனையத்திலிருந்து திறக்கும் கட்டளை இன்றும் ‘எஸ்ஆஃபிஸ்’. ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் உருவாக்கிய ஸ்டார்ஆஃபிஸின் எச்சம் அது. சன் அதை வாங்கியது 1999இல். லிப்ரேஆஃபிஸுக்கு மேக்ரோ எழுதுபவர் ‘காம்.சன்.ஸ்டார்’ என்ற பெயர்வெளியைத் தொடாமல் ஒரு அடி நகர முடியாது. சன் என்ற நிறுவனமே இல்லாமல் போய்விட்டது.

இவை வணிகக்குறிப் பயன்பாடு அல்ல. பயனர் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது இவை அவர் கண்ணில் படுவதில்லை. யாரிடமிருந்து வந்தது என்பதையும் இவை சொல்வதில்லை. இயங்குவதற்காக இருக்கின்றன, அவ்வளவே. ஆகவே நிரலில் எங்கள் பழைய பெயர் இருக்கிறது, அதனால் குறியை நாங்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம் என்று எந்தத் திட்டமும் பதிவகத்திடம் சொல்லக்கூடாது. ஆனால் மறுபக்கமும் உண்டு. பழைய பதிவு காலாவதியாகி, முன்பின் தெரியாத ஒருவர் அதே பெயரை மென்பொருளுக்கான 9ஆம் வகுப்பில் பதிவு செய்துவிட்டால், அவர் அனுப்பும் வக்கீல் நோட்டீஸ் இந்த உள் பெயர்களையும் காட்டி மிரட்டக்கூடும். சட்டப்படி திட்டம் ஜெயிக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் ஜெயிக்கும்வரை வழக்கு நடத்தப் பணம் வேண்டும். தன்னார்வத் திட்டங்களிடம் இல்லாதது அதுதான்.

ஜகார்த்தா இஇ பட்ட பாடு இங்கே பாடமாகிறது. நிறுவன மென்பொருள்களுக்கான ஜாவா இஇ தளத்தை ஆரக்கிள் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்து, அது ஜகார்த்தா இஇ ஆனபோது ஜாவா என்ற குறியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கும் பெயர்வெளியை அப்படியே வைத்துக்கொண்டு மேற்கொண்டு வளர்க்கவும் அனுமதி கிடைக்கவில்லை. 2020இல் ஜகார்த்தா இஇ 9 வந்தபோது எல்லாப் பொதிகளும் ‘ஜகார்த்தா’ என்று பெயர் மாறின. அதைப் பயன்படுத்திய நிறுவனங்கள் தங்கள் நிரலின் இறக்குமதி வரிகளையெல்லாம் மாற்ற வேண்டி வந்தது. மென்பொருளில் புதிய வசதி ஒன்றும் சேரவில்லை. ஒரு பெயருக்காக மட்டும் அத்தனை உழைப்பும் போனது.

பெயர் நம்முடையதாக இல்லாதபோது

பழைய குறி திட்டத்தின் கையிலேயே இல்லாத நிலைமைகள் பல. அவற்றில் கேள்வி எளிது, எனவே சுருக்கமாகச் சொல்கிறேன். வலையமைப்புப் பகுப்பாய்வுக் கருவியான ‘ஈதீரியல்’ பெயரை அதன் ஆசிரியர் ஜெரால்ட் கூம்ஸ் முன்பு வேலைபார்த்த நிறுவனமே வைத்திருந்தது. 2006இல் அவர் வேலை மாறியதும் கருவி ‘வயர்ஷார்க்’ ஆனது. ஈதீரியல் 0.99.0 பதிப்போடு நின்றது. ஏஓஎல் நிறுவனத்தின் ஏஐஎம் குறியோடு மோதிய ‘கெய்ம்’ என்ற உடனடிச் செய்தி மென்பொருள் 2007இல் ‘பிட்ஜின்’ ஆனது, அதன் நூலகத்தின் பெயரிலிருந்தும் பழைய பெயர் போனது. நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் கருவியான ஹட்சனின் திட்டத்தினர் 2011 ஜனவரியில் 214க்கு 14 என்ற வாக்கில் ஜென்கின்ஸ் ஆனார்கள். பெயரை வைத்துக்கொண்ட ஆரக்கிள் பிறகு அதை எக்லிப்ஸிடம் தந்தது. ஹட்சன் 2017இல் முடிவுக்கு வந்தது. இம்மூன்றிலும் திட்டங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: புதிய பெயரை எந்தத் தனி நிறுவனத்தின் பெயரிலும் பதியாமல், லாப நோக்கமற்ற அமைப்பின் பெயரில் பதிவது.

எதிர்வாதம்

பயன்படுத்தாத பெயர் பொதுவுக்குத் திரும்பட்டும் என்பது வலுவான வாதம். அதை நான் மதிக்கிறேன். சிபிஎஸ் நிறுவனம் 21 ஆண்டுகள் ஒளிபரப்பாமல் வைத்திருந்த ‘ஆமோஸ் அண்ட் ஆண்டி’ நிகழ்ச்சியின் குறியை இழந்தது என்று 1989இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்த்தது. புரூக்ளினைவிட்டுப் போன டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் பழைய பெயர் பற்றிய 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அந்த வழியிலேயே சென்றது. சொற்களைக் கொள்ளையடித்துக் குவிப்பவர்களுக்கு எதிராக இந்தத் தீர்ப்புகள் நல்ல அரண்.

ஆனால் ஒரு நிகழ்ச்சியின் பெயரை வேறொருவர் எடுத்தால் பார்ப்பவர் ஏமாறுவது ஒரு மாலைநேரம். மென்பொருளின் பெயரை வேறொருவர் எடுத்தால் அந்தப் பெயரில் இறங்குவது நம் கணினிக்குள் ஓடும், நம் கடவுச்சொற்களைத் தொடும். கிம்ப் படச்செயலியின் விண்டோஸ் பதிப்பை வழங்கியவர்கள் 2013இல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தை விட்டு விலகினார்கள். 2015இல் அந்தக் கைவிட்ட கணக்கைத் தளம் தன் வசம் எடுத்து, விளம்பர நிறுவிகளைச் சேர்த்துப் பதிவிறக்கம் கொடுத்தது. கிம்பின் பெயர் மாறவில்லை, கடை மாறியிருந்தது, அவ்வளவுதான். அதற்கே இந்தக் கதி. இடம் மாறிய கடைக்காரர் பழைய வாசலில் ‘எதிர்த்தெருவுக்கு மாறிவிட்டோம்’ என்று தட்டி வைக்காமல் போனால், அங்கே யார் வேண்டுமானாலும் கடை விரிக்கலாம்.

ஆகவே பொதுவுக்குத் திரும்ப வேண்டிய நேரம் சட்டம் எண்ணும் மூன்றாண்டோ ஐந்தாண்டோ மட்டும் அல்ல. பழைய பெயர் தாங்கிய பதிப்புகள் பயன்பாட்டிலிருந்து உண்மையில் ஒழியும் நேரம் அது. அதுவரை பராமரிப்பு, அதன்பின் விடுதலை. இரண்டுக்கும் நடுவே பழைய பெயரைப் பிறரை அடிக்கும் தடியாக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பெயர் மாற்றம் பிடிக்காத சிலர் பழைய நிரலைக் கிளைத்து வளர்க்க நினைத்தால், பழைய பெயரையே அவர்களுக்குத் தர வேண்டியதில்லை. தந்தால் ஒரே பெயரில் இரண்டு மூலங்கள் தோன்றிப் பயனர் குழம்புவார். ஆனால் ‘இன்ன மென்பொருளிலிருந்து கிளைத்தது’ என்று அவர்கள் எழுதுவதைத் தடுக்கக் குறியைக் காட்டுவது அதிகாரத் துஷ்பிரயோகம். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பழைய பெயரைப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, பதிவை மட்டும் வைத்திருப்பது. பொருளின் தரத்தைக் கண்காணிக்காமல் குறியை வழங்குபவர் குறியையே இழப்பார் என்பதை 2010இல் ஃப்ரீசைக்கிள் வழக்கு காட்டியது.

ஓப்பன்ஆஃபிஸுக்கே வருவோம். இதுவரை சொன்ன அளவுகோலால் பார்த்தால் அப்பாச்சியின் குறியுரிமையில் சட்டக் குறை இல்லை. திருத்தப் பதிப்புகள் வருகின்றன, பெயர் பதிவிறக்கப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் நற்பெயரைச் சேர்த்தவர்களில் பெரும்பகுதியினர் வேறு பெயரின் கீழ் உழைத்துக்கொண்டிருக்கும்போது, அவர்கள் இருக்கும் திசையை ஒரு வரியில்கூடக் காட்டாமல் பெயரை வைத்திருப்பது பொறுப்பான காவல் ஆகாது. 2020இன் திறந்த மடல் கேட்டது பெயரை அல்ல, அந்த ஒரு வரியைத்தான். கேட்டது நியாயம்.

தங்கள் திட்டத்துக்குப் புதிய பெயர் சூட்ட வாக்கெடுப்பு நடத்தப்போகும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. புதிய பெயரைத் தேர்ந்தெடுக்கும் அதே தீர்மானத்தில் பழைய பெயரைப் பற்றியும் எழுதிவிடுங்கள். அதில் எந்தப் பதிப்பு வரிசை தொடரும், எத்தனை ஆண்டு திருத்தம் வரும், குறி எந்த அமைப்பின் பெயரில் இருக்கும், எந்தத் தேதியில் பதிவைப் புதுப்பிக்காமல் விடுவீர்கள் என்பதெல்லாம் வெளிப்படையாக இருக்கட்டும். பதிவிறக்கப் பக்கத்தின் தலைப்பிலேயே அந்தத் தேதியையும் போடுங்கள்.